பஸ் நிறுத்தத்தில் ஜெமினி இருக்கிறது, படப்பெட்டி எங்கே?

ஆயிரக்கணக்கில் படம் எடுத்த சென்னை, தன் முதல் படங்களைத் தொலைத்த கதை

மாலை 6 மணி. அண்ணா சாலையில் பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறது. படிக்கட்டில் எட்டுப் பேர் தொங்குகிறார்கள்.

"ஜெமினி... ஜெமினி எல்லாம் எறங்கு! படியில நிக்காதே, உள்ளே போப்பா!" என்று கண்டக்டர் குரல் கொடுக்கிறார்.

கூட்டம் இறங்குகிறது. ஆபீஸ் விட்டு வந்தவர்கள், கடைக்குச் சரக்கு எடுக்க வந்தவர்கள், கையில் டிபன் பாக்சுடன் பெண்கள். எல்லாருக்கும் அவசரம். ஒருவரும் நின்று கேட்பதில்லை... ஜெமினி எங்கே?

அங்கே இருப்பது மேம்பாலம். 1973-ம் ஆண்டு திறக்கப்பட்டது. அரசாங்க ஏட்டில் அதன் பெயர் அண்ணா மேம்பாலம். ஜனங்கள் வாயில் மட்டும் இன்றுவரை "ஜெமினி பாலம்".

பாலத்தை ஒட்டி ஸ்டூடியோ இருந்தது. எஸ்.எஸ்.வாசன் நடத்திய ஜெமினி ஸ்டூடியோ. இரட்டைக் குழந்தைகள் குழல் ஊதும் சின்னத்தைக் கண்டாலே கொட்டகையில் விசில் பறக்கும். 1948-ல் வெளிவந்த "சந்திரலேகா"வின் முரசு நடனம் இந்தியா பூராவும் பேசப்பட்டது. அந்த இடத்தில் இன்று பெரிய ஓட்டல் நிற்கிறது. ஓட்டலுக்குள் பழைய சினிமா போஸ்டர்கள் அலங்காரமாக மாட்டப்பட்டுள்ளன.

ஸ்டூடியோ போய்விட்டது. பெயர் மட்டும் பஸ் டிக்கெட்டில் தங்கிவிட்டது.

பெயர் உண்டு, ஆள் இல்லை

ஜெமினியோடு முடியவில்லை.

கோடம்பாக்கத்தில் "லிபர்ட்டி" என்று நிறுத்தம் உண்டு. லிபர்ட்டி தியேட்டர் இல்லை.

அசோக் நகரில் "உதயம்" என்று நிறுத்தம் உண்டு. 1983-ல் திறந்த உதயம் தியேட்டர் 2024-ல் மூடப்பட்டது.

வடபழனியில் ஒரு காலத்தில் விஜயா வாகினி ஸ்டூடியோ ராஜ்ஜியம் நடத்தியது. ஆசியாவிலேயே பெரியது என்று சொல்வார்கள். பி.நாகிரெட்டி உரிமையாளர். சினிமாவோடு நின்றவர் இல்லை அவர். குழந்தைகளுக்கு "அம்புலிமாமா", சினிமா ரசிகர்களுக்கு "பொம்மை" என்று பத்திரிகைகளும் நடத்தினார். "பாதாள பைரவி"க்கும் "மிஸ்ஸியம்மா"வுக்கும் விளக்கு எரிந்த இடத்தில் இன்று ஆஸ்பத்திரியும் வணிக வளாகமும் இருக்கின்றன.

அடையாறில் எம்.ஜி.ஆரின் சத்யா ஸ்டூடியோ. இன்று அங்கே பெண்கள் கல்லூரி.

இதெல்லாம் கட்டிடம். நகரம் வளர்ந்தால் கட்டிடம் மாறத்தான் செய்யும். நிலத்தின் விலை ஏறினால் ஸ்டூடியோ ஓட்டலாகும், தியேட்டர் அடுக்குமாடி வீடாகும். அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்தக் கட்டிடங்களுக்குள் எடுத்த படங்கள்? அவை எங்கே? அங்கேதான் வழக்கே இருக்கிறது.

காணாமல் போனவை பட்டியல்

ஆள் காணாமல் போனால் போலீஸ் நிலையத்தில் பெயர், வயது, கடைசியாகப் பார்த்த இடம் எழுதுவார்கள். அதே மாதிரி எழுதிப் பார்த்தால் பட்டியல் இப்படி வரும்.

முதல் பெயர்: "கீசக வதம்". தென்னிந்தியாவின் முதல் ஊமைக் கதைப்படம். எடுத்தவர் ஆர்.நடராஜ முதலியார். மோட்டார் கார் உதிரி பாகம் விற்ற வியாபாரி. புனேயில் ஒரு வெள்ளைக்கார கேமராமேனிடம் தொழில் கற்று வந்தார். கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் ஸ்டூடியோ போட்டு, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் படத்தை முடித்தார். எந்த ஆண்டு என்பதிலேயே ஆராய்ச்சியாளர்களுக்குள் தகராறு. ஒருவர் 1916 என்கிறார். இன்னொருவர் 1918 என்கிறார். படம் கையில் இருந்தால் இந்தத் தகராறே வந்திருக்காது!

இரண்டாவது பெயர்: "காளிதாஸ்". முதல் தமிழ் பேசும்படம். எச்.எம்.ரெட்டி டைரக்‌ஷன். டி.பி.ராஜலட்சுமி கதாநாயகி. எடுத்தது பம்பாயில். வெளியானது சென்னை கினிமா சென்ட்ரலில், 1931-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி. பிற்காலத்தில் முருகன் டாக்கீஸ் என்று பெயர் மாறிய கொட்டகை அது. படப்பெட்டி சென்ட்ரல் ரெயில் நிலையத்தில் வந்து இறங்கியபோது, அதைப் பார்க்கவே வால்டாக்ஸ் ரோட்டில் ஜனங்கள் கூடினார்கள். கதாநாயகி தமிழ் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்ல, அதையும் ஜனங்கள் ஆவென்று பார்த்தார்கள்.

மூன்றாவது பெயர்: "ஸ்ரீனிவாச கல்யாணம்". 1934. சென்னையிலேயே தயாரான முதல் தமிழ் பேசும்படம். எடுத்தவர் ஏ.நாராயணன். அவருடைய ஸ்ரீனிவாசா சினிடோன்தான் சென்னையின் முதல் பேசும்பட ஸ்டூடியோ. ஒலிப்பதிவு செய்தவர் அவருடைய மனைவி மீனாட்சி நாராயணன். இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று அவரைச் சொல்கிறார்கள். ஒரு பெண், 1934-ல், காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பதிவு செய்த அந்தச் சத்தத்தை இன்று யாரும் கேட்க முடியாது.

மூன்றுக்கும் பிரதி கிடைக்கவில்லை. முதல் ஊமைப்படம், முதல் பேசும்படம், சென்னை மண்ணில் பேசிய முதல் படம்... மூன்றுமே போய்விட்டன. இது வெறும் மூன்று பெயர் அல்ல. ஊமைப்பட காலத்துச் சென்னைத் தயாரிப்புகள் ஏறக்குறைய அத்தனையும் இதே பட்டியலில்தான்.

யார் செய்த கொலை?

கொலையாளி ஒருவன் இல்லை. நாலு பேர்.

முதல் ஆள் நெருப்பு. 1950-க்கு முன்னால் வந்த பிலிம் நைட்ரேட் வகை. தீக்குச்சி காட்டினால் போதும், பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றினாலும் சுலபத்தில் அணையாது. சூட்டில் தானாகவே பற்றிய சம்பவங்களும் உண்டு. நடராஜ முதலியார் ஸ்டூடியோவே தீயில் போனது. மகனும் இறந்துபோக, மனிதர் தொழிலையே விட்டுவிட்டார்.

இரண்டாவது ஆள் வெயிலும் ஈரமும். இது சென்னைக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரும்புப் பீரோவே துருப்பிடிக்கும் ஊர். பிலிம் எம்மாத்திரம்? நைட்ரேட்டுக்குப் பின் வந்த பிலிம் தீப்பிடிக்காது. ஆனால் சூட்டிலும் ஈரத்திலும் அழுகும். டப்பாவைத் திறந்தால் காடி நாற்றம் அடிக்கும். பிலிம் சுருண்டு, பிசுபிசுத்து, அப்பளம் மாதிரி நொறுங்கும். ஒரு டப்பாவுக்கு அது வந்தால் பக்கத்து டப்பாவுக்கும் தொற்றும்.

இந்தச் சூடு விஷயம் நடராஜ முதலியாருக்கு அப்போதே தெரியும். படம் பிடித்தது கீழ்ப்பாக்கத்தில். கழுவியது பெங்களூரில்! அங்கேதான் குளிர்ச்சி என்று லேப் வைத்தார். வாரக் கடைசியில் பிலிமை எடுத்துக்கொண்டு ரெயில் ஏறினார். நூறு வருஷத்துக்கு முன் ஒரு வியாபாரிக்குத் தெரிந்த சங்கதி அது.

மூன்றாவது ஆள் வெள்ளி. கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவமாகத் தெரிவது வெள்ளித் துகள்தான். பிலிமைக் கரைத்தால் வெள்ளி வரும். ஓடி முடிந்த படத்தைப் பெட்டியோடு எடைக்குப் போட்டுக் காசாக்கிய தயாரிப்பாளர்கள் உண்டு. நாயகியின் கண்ணீரும் நாயகனின் வாள் சண்டையும் யார் வீட்டுக் கொலுசில் இருக்கிறதோ, யார் கண்டது?

நாலாவது ஆள்தான் பெரிய ஆள். "ஓடி முடிஞ்ச படம் சார், இனிமே எதுக்கு?" என்ற நினைப்பு.

ஒரு ரீல் என்பது 1,000 அடி பிலிம். ஓட்டினால் சுமார் 11 நிமிஷம். ஒரு படத்துக்குப் பதினைந்து, பதினாறு ரீல். முதலில் பட்டணத்துத் தியேட்டரில் ஓடும். பிறகு சின்ன ஊர். பிறகு டூரிங் கொட்டகை. ஓட ஓடக் கீறல். அறுந்தால் ஒட்டு. கடைசியில் மழை பெய்கிற மாதிரி திரை முழுக்கக் கோடு. அதற்குப் பிறகு அந்தப் பெட்டி யாருக்கு வேண்டும்? கிடங்கு வாடகை கொடுக்க யார் தயார்?

கோர்ட் காப்பாற்றிய படம்

இதில் ஒரு வேடிக்கை உண்டு.

தென்னிந்திய ஊமைக் கதைப்படங்களில் முழுசாகத் தப்பிப் பிழைத்தது "மார்த்தாண்ட வர்மா". 1933-ல் வந்தது. எடுத்தவர் நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ். கதை சி.வி.ராமன் பிள்ளையின் மலையாள நாவல்.

படம் வெளியானதும் நாவலின் உரிமை வைத்திருந்த புத்தகக் கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. "எங்களைக் கேட்காமல் எப்படி எடுத்தாய்?" என்று வழக்கு. தயாரிப்பாளர் தோற்றார். படம் நின்றது. பிரதி புத்தகக் கம்பெனியின் கைக்குப் போய், ஓடாமல் கிடந்தது. 1974-ம் ஆண்டு புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை எடுத்துக்கொண்டது.

நன்றாக ஓடிய படங்கள் தேய்ந்து அழிந்தன. ஓடாமல் பூட்டிக் கிடந்த படம் பிழைத்தது! தயாரிப்பாளருக்கு நஷ்டம், சரித்திரத்துக்கு லாபம்.

சென்னைக்குக் கிளை இல்லை

புனே காப்பகம் 1964-ல் மத்திய அரசு ஆரம்பித்தது. நாட்டிலுள்ள பழைய படங்களைச் சேர்த்துக் குளிர் அறையில் வைப்பது வேலை. பெங்களூர், கல்கத்தா, திருவனந்தபுரம் ஆகிய மூன்று ஊர்களில் அதற்குக் கிளை இருந்தது.

சென்னையில்? இல்லை.

தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று நாலு பாஷைக்கும் ஒரு காலத்தில் கோடம்பாக்கம்தான் தலைநகரம். இந்திப் படங்களும் இங்கே தயாராயின. அப்படிப்பட்ட ஊரில் கிளை இல்லை. இங்கே எடுத்த படத்தைப் பார்க்க வேண்டுமானால் ஆராய்ச்சி மாணவன் புனேக்கு ரெயில் ஏற வேண்டியிருந்தது.

"தியாக பூமி"யே சாட்சி. கே.சுப்பிரமணியம் 1939-ல் எடுத்த படம். கல்கியின் கதை. ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது படத்தின் காட்சிகளையே போட்டோவாகப் போட்டார்கள். பத்திரிகையும் சினிமாவும் கைகோத்த அந்த வித்தை ஊருக்குப் புதுசு. படத்தில் காங்கிரஸ் வாடை அடிக்கிறது என்று வெள்ளைக்கார அரசாங்கம் 1940-ல் தடை போட்டது. தடை வரப்போகிறது என்று தெரிந்ததும் மவுண்ட் ரோடு கெயிட்டி தியேட்டரில் இலவசமாகக் காட்டினார்கள் என்றும், கூட்டம் தாங்காமல் போலீஸ் தடியடி நடத்தியது என்றும் சினிமா சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள்.

தடியடி வாங்கியது சென்னை ஜனம். படம் பத்திரமாக இருப்பது புனேயில்.

புனேயிலும் எல்லாம் பத்திரம் என்று சொல்ல முடியாது. 2003-ம் ஆண்டு ஜனவரியில் நைட்ரேட் பிலிம் வைத்திருந்த அறையில் தீப்பிடித்தது. நூற்றுக்கணக்கான படங்களின் ரீல்கள் சாம்பலாயின. எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைத்தால் கதி இதுதான்.

பட்டணத்தில் மிச்சம் என்ன?

முழுக்கப் போய்விட்டது என்று தலையில் கை வைக்க வேண்டாம். கண்ணைத் திறந்து நடந்தால் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பலர் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறார்கள்.

அண்ணா சாலை தபால் ஆபீசுக்கு மணியார்டர் அனுப்பப் போனவர்கள் ஆயிரம் பேர். அந்த வளாகத்துக்குள் ஒரு பழைய கட்டிடம் இருப்பதைக் கவனித்தவர்கள் எத்தனை பேர்? அதுதான் எலெக்ட்ரிக் தியேட்டர். 1913-ல் வாரிக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் கட்டியது. சென்னையில் சினிமாவுக்கென்றே எழும்பிய ஆரம்ப காலக் கொட்டகை. இரண்டே வருஷத்தில் மூடப்பட்டுத் தபால் இலாகா கைக்குப் போனது. பின்னாளில் தபால்தலை சேகரிப்பவர்களுக்கான பிரிவு அங்கே வந்தது. தபால் இலாகா வாங்கியதால் கட்டிடம் தப்பியது. கொட்டகையாகவே இருந்திருந்தால் எப்போதோ இடித்திருப்பார்கள்!

அதற்கு மறு வருஷம், 1914-ல் எழுந்தது கெயிட்டி. இந்தியர் ஒருவர் சென்னையில் கட்டிய முதல் தியேட்டர். கட்டியவர் போட்டோகிராபர் ரகுபதி வெங்கையா. கெயிட்டி இன்று இல்லை. மூன்று தியேட்டர்களை ஒரே கூரைக்குள் கொண்டு 1964-ல் வந்த சபையர் இல்லை. சிவாஜி குடும்பத்தின் சாந்தி தியேட்டர் 1961-ல் திறந்து 2016-ல் மூடியது. தண்டையார்பேட்டை அகஸ்தியா 2020-ல் விளக்கை அணைத்தது.

வடபழனி ஏ.வி.எம். உருண்டை இன்னும் சுற்றும் இடத்தில்தான் இருக்கிறது. காரைக்குடிப் பக்கம் இருந்த ஸ்டூடியோவை ஏ.வி.மெய்யப்ப செட்டியார் 1948-ல் சென்னைக்குக் கொண்டுவந்தார். அங்கே இப்போது ஏ.வி.எம். ஹெரிடேஜ் மியூசியம். 2023-ம் ஆண்டு மே மாதம் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். பழைய கேமராக்கள், படப்பிடிப்புச் சாமான்கள், சினிமாவில் ஓடிய கார்கள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக நல்ல இடம்.

சாலிகிராமம் பிரசாத் கதை தனி. "காளிதாஸ்" படத்தில் சின்ன வேஷம் போட்டவர் எல்.வி.பிரசாத். அவரே பிற்காலத்தில் டைரக்டராகி, 1956-ல் ஸ்டூடியோ வைத்து, லேபும் ஆரம்பித்தார். கழுவுகிற பிலிம் நின்றுபோய் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியபின், கீறல் விழுந்த பழைய படங்களைச் சுத்தம் செய்து புதுசாக்கும் வேலையில் பிரசாத் பெயர் உலகம் பூராவும் தெரிந்தது. 2017-ல் இந்தியாவின் பல பாகங்களிலிருந்து ஆட்கள் வந்து பழைய பிலிம் பாதுகாக்கப் பயிற்சி எடுத்ததும் சென்னையில்தான்.

ஆக, மருந்து தெரிந்த டாக்டர் உள்ளூரில் இருக்கிறார். நோயாளியைப் படுக்கவைக்கத்தான் கட்டில் இல்லை!

டாக்டருக்கு மட்டுமா பஞ்சமில்லை? படிப்புக்கும் பஞ்சமில்லை. 1945-லேயே சென்னை சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் சொல்லிக்கொடுக்கத் தனிப் பிரிவு வந்துவிட்டது. புனே சினிமா கல்லூரி வந்தது 1960-ல். சென்னைப் பிரிவுதான் வளர்ந்து இன்று தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் அரசு திரைப்படக் கல்லூரியாக நிற்கிறது.

காப்பாற்றியது காகிதம்

படம் இல்லை. பிறகு எப்படி "காளிதாஸ்" பற்றி இவ்வளவு தெரிகிறது?

காகிதம்!

சுதேசமித்திரன் அதைப் பற்றி எழுதியது. விளம்பரம் வந்தது. யாரோ அந்தப் பத்திரிகையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள்.

பழைய தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். காலணா, அரையணா. உள்ளே நடிகர் பட்டியல், பாட்டு முழுசும், கதையில் பாதி. முக்கியமான கட்டம் வந்ததும் "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று நிறுத்திவிடுவார்கள். இன்று வெள்ளித்திரையில் காண வழியில்லை. அந்தப் பாதிக் கதைதான் மிச்சம். பல பழைய படங்களுக்கு ஒரே ஆதாரம் அந்தப் புத்தகம்தான்.

இதன் அருமை தெரிந்த இருவரைச் சொல்ல வேண்டும்.

ஒருவர் பிலிம் நியூஸ் ஆனந்தன். போட்டோ எடுக்க வந்தவர். 1958-ல் "நாடோடி மன்னன்" படத்துக்குப் பத்திரிகைத் தொடர்பு வேலை பார்த்தார். தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. அவர்தான். வெளியான ஒவ்வொரு படத்துக்கும் போட்டோ, விவரம் என்று சேர்த்து வைத்தார். யாரும் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்லவில்லை. கடைசியில் அவர் வீடே காப்பகமாகிவிட்டது. "எந்தப் படம், எந்த வருஷம்?" என்று கேட்டால் பத்திரிகைக்காரர்கள் முதலில் போவது அவரிடம்தான். அந்தச் சேகரிப்பைத் தமிழக அரசு வாங்கிக்கொண்டது. 2016-ல் அவர் காலமானார்.

இன்னொருவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. செட்டிநாட்டில் போர்டு எழுதும் தொழில். கிடைத்த காசுக்கெல்லாம் பழைய புத்தகம் வாங்கினார். பெரிய இலக்கியம் மட்டும் என்று பார்க்கவில்லை. நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சினிமா பாட்டுப் புத்தகம்... மற்றவர்கள் குப்பை என்றதை எல்லாம் அடுக்கி வைத்தார். அவர் 1992-ல் இறந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அமெரிக்காவுக்குத் தூக்கிப் போகாமல், சென்னையிலேயே வைக்க ஏற்பாடு செய்தது. 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பிறந்தது. இன்று தரமணியில் இருக்கிறது. சினிமா பற்றிப் படிக்க வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறார்கள்.

போர்டு எழுதியவர் ஒருவர், போட்டோ எடுத்தவர் ஒருவர். கோடி கோடியாகச் சம்பாதித்த தொழில் செய்யாததை இந்த இருவரும் செய்தார்கள்.

எடைக்குப் போகும் சரித்திரம்

இப்போது விஷயம் வாசகர் வீட்டுக்கு வருகிறது.

சென்னையில் எத்தனையோ வீட்டுப் பரணில் பழைய டிரங்குப் பெட்டி இருக்கிறது. தாத்தா தியேட்டரில் ஆபரேட்டராக இருந்திருப்பார். மாமா ஸ்டூடியோவில் தச்சு வேலை பார்த்திருப்பார். அத்தை குரூப் டான்சில் ஆடியிருப்பார். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போது பெட்டி இறங்கும். வாசலில் பழைய பேப்பர்காரர் தராசோடு நிற்பார்.

"என்னம்மா, சினிமா புக்கா? இதுக்குத் தனி ரேட்டெல்லாம் கிடையாது. எடைதான்."

"எடுத்துட்டுப் போப்பா. இடத்த அடைக்குது."

முடிந்தது கதை. இரண்டு கிலோ காகிதத்தோடு ஒரு படத்தின் கடைசிச் சாட்சியும் போயிருக்கலாம். தராசுக்கு அது தெரியாது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது, தரையோடு வைத்த ஆல்பமும் புத்தகமும் ஊறிக் கூழானதைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த மழைக்கு முன் செய்யவேண்டியது சுலபம்.

பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். ஈரச் சுவரை ஒட்டியும் வைக்க வேண்டாம்.

ரப்பர் பேண்ட் போடாதீர்கள். உருகிக் காகிதத்தில் ஒட்டும். பருத்தி நாடாவால் கட்டுங்கள்.

லேமினேஷன் செய்துவிட்டால் "பத்திரம்" என்று நினைக்காதீர்கள். அதைத் திரும்பப் பிரிக்க முடியாது.

போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் ஆள் பெயர், இடம், ஆண்டு எழுதுங்கள். வீட்டுப் பெரியவர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அவருக்குப் பின் கேட்க ஆள் இல்லை.

பிலிம் டப்பா இருந்தால் எச்சரிக்கை! வெயிலில் விரிக்கக் கூடாது. பக்கத்தில் பீடி, விளக்கு கூடாது. பிலிம் ஓரத்தில் ஆங்கிலத்தில் "நைட்ரேட்" என்று எழுதியிருந்தால் வீட்டில் வைப்பதே ஆபத்து. விஷயம் தெரிந்தவர்களிடம் சொல்லி ஒப்படைப்பதே நல்லது.

வைத்துக்கொள்ள இடமில்லையா? எடைக்குப் போடுவதற்கு முன் நூலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் பிறகு பேப்பர்காரர் எங்கே போகப் போகிறார்?

ஒரே ஒரு குளிர் அறை

பழைய படம் பிழைத்தால் பணமும் வரும். கணக்குப் பார்க்கிறவர்களுக்கு உதாரணம் "கர்ணன்". 1964-ல் பி.ஆர்.பந்துலு எடுத்த படம். 2012-ல் சுத்தம் செய்து திரும்ப வெளியிட்டார்கள். சிவாஜிக்கு மறுபடி கட்-அவுட், மாலை, விசில். புதுப் படங்களே தள்ளாடிய நேரத்தில் தியேட்டர் நிறைந்தது. நெகடிவ் எங்கோ உயிரோடு இருந்ததால் நடந்தது அது. எடைக்குப் போட்டிருந்தால் ஒரு காசும் வந்திருக்காது.

பூந்தமல்லி அருகே நவீன திரைப்பட நகரம் அமைக்கப்படும் என்று 2024-ம் ஆண்டு ஜனவரியில் அரசு அறிவித்தது. புதுப் படம் எடுக்கப் பெரிய பெரிய செட்டுகள் வரட்டும். அத்தோடு பழைய படம் தூங்க ஒரு குளிர் அறையும் வந்தால் போதும். ஈரம் புகாத சுவர், நிற்காத கரண்ட், டப்பாவைத் திறந்து பார்க்கத் தெரிந்த நாலு பேர். கேட்பது அவ்வளவுதான். கீழ்ப்பாக்கத்துக்காரர் அன்று பெங்களூருக்கு ரெயில் ஏறினார். இன்று ஏ.சி. பெட்டிக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

சென்னை ஐந்து முதல்-அமைச்சர்களைச் சினிமா சம்பந்தத்தோடு பார்த்த ஊர். அண்ணா வசனம் எழுதினார். கருணாநிதி வசனம் எழுதினார். எம்.ஜி.ஆர்., ஜானகி, ஜெயலலிதா நடித்தார்கள். சினிமாவைப் பொழுதுபோக்கு என்று மட்டும் சொல்லித் தள்ள முடியாத ஊர். அதன் சரித்திரத்தில் பாதி பிலிமில் இருக்கிறது.

இரவு 9 மணி. அதே பஸ் திரும்பி வருகிறது. கூட்டம் குறைந்துவிட்டது.

"ஜெமினி இருக்கா? ஜெமினி!" என்று கேட்கிறார் கண்டக்டர்.

யாரும் இறங்கவில்லை. இரட்டை விசில். பஸ் பாலத்தில் ஏறுகிறது.